பளார் சாரங்கு

அரசாங்கக் கப்பல் கம்பெனியில் அவரிடம் அறை வாங்காதவர்கள் இரண்டே வகை. கப்பலில் கால் வைக்காமல் தலைமை அலுவலகத்தில் நாற்காலி தேய்த்தவர்கள் ஒரு வகை. வாங்கிவிட்டு, வாங்கவே இல்லை என்று சாதிக்கிறவர்கள் இன்னொரு வகை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. முகத்துக்கு நேரே அவர் 'சாரங்கண்ணே'. முதுகுக்குப் பின்னால் 'பளார்'.

சாரங்கு என்றால் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. கப்பலைக் கரையில் கட்டுவது, அவிழ்ப்பது, நங்கூரம் இறக்குவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேப்டன் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் நின்று உத்தரவு போடுவார். கீழே அந்த உத்தரவுக்குக் கையும் காலும் கொடுக்கிறவர் சாரங்கு. நம்முடையவர் கையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. முறம் போல அகலம், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போய்விடுவார். அவர் அடித்ததெல்லாம் கோபமில்லாமல், எச்சரிக்கையில்லாமல், பாதிப் பேச்சில். அடித்த கையோடு பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வாங்கியவனுக்கு அதுதான் இன்னும் எரியும்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், கம்பெனியோடு ஆரம்பித்தது. நாட்டுக்குச் சொந்தக் கொடி கிடைத்தது, சொந்தத் தபால்தலை அடித்தாயிற்று, அடுத்தது என்ன என்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். சொந்தக் கப்பல் என்று முடிவானது. உடைப்பதற்கு அனுப்ப வைத்திருந்த ஒரு கிழட்டுக் கப்பலை வெளிநாட்டு முதலாளி ஒருவர் அரசாங்கத்தின் தலையில் கட்டினார். புகைபோக்கியில் கொடியின் நிறங்களைப் பூசினார்கள். துறைமுகத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நம் தானியத்தை இனி நம் கப்பலே சுமக்கும் என்று அமைச்சர் முழங்கினார். பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். துருவுக்கு மேல் பெயின்ட் அடித்திருந்தது யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் மிட்டாயைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

அந்தக் கப்பலில்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். மீசை அரும்பிய வயது. சேர்ந்த அன்றே ஒரு சிநேகிதன் கிடைத்தான். சுருட்டை முடிக்காரன், அதனால் சுருட்டை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சோப்பில் குளித்து, ஒருவன் சட்டையை ஒருவன் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

கிழட்டுக் கப்பலில் வடத்தைச் சுற்றி வைக்க இயந்திரம் கிடையாது. கப்பலைக் கட்டுகிற கைப்பருமன் வடத்தின் ஒரு முனையைக் கரையில் மாட்டுவார்கள். மறுபக்கத்தைத் தளத்திலிருக்கும் இரட்டை இரும்பு முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்றிவிட்டு, மிச்சத்தைத் தளத்திலேயே வளையம் வளையமாகப் போட்டு வைப்பார்கள். பார்க்கச் சாதுவாகக் கிடக்கும். காற்றடித்துக் கப்பல் கரையைவிட்டு விலகினால், முளையில் சுற்றிய வடம் வழுக்கும். உடனே தளத்தில் கிடந்த வளையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, கப்பல் ஓரத்தில் வடம் வெளியே போகும் துவாரத்தை நோக்கிப் பாயும். வளையத்துக்குள் யார் கால் இருந்தாலும் அந்தக் காலும் கூடவே போகும்.

ஒரு நாள் சுருட்டையின் கால் இருந்தது. வடம் வழுக்குவதை அன்றைய சாரங்கு பார்த்துவிட்டார். "டேய் சுருட்டை!" என்று கத்தினார். நல்ல கனத்த குரல், கரை வரை கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதன் என்ன செய்வான்? நிற்பான். நின்று, கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்ப்பான். சுருட்டையும் அதைத்தான் செய்தான். "என்னண்ணே?" என்றான்.

வடம் அவனைக் காலைப் பிடித்துத் தரையில் அடித்தது. தலை இரும்பில் மோதி மோதிப் போனது. துவாரத்தில் இடுப்பு மாட்டிக்கொண்டது. வடம் நிற்கவில்லை. பச்சைக் கட்டையை ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பாதி கப்பலுக்கு உள்ளே, பாதி வெளியே என்று சுருட்டை கிடந்தான். முகத்தில் 'என்னண்ணே' அப்படியே இருந்தது. இதெல்லாம் நடந்தபோது நம்மவர் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று கம்பெனி விசாரித்துச் சொன்னது. தளத்தைக் கழுவும் வேலையை நம்மவரிடம்தான் கொடுத்தார்கள். கழுவிக்கொண்டே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கூப்பிட்டால் திரும்புவான். அறைந்தால்தான் நகருவான்.

அதன்பிறகு வளையத்துக்குள் எவன் கால் வைத்தாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பளார். ஆள் இரண்டு கஜம் தள்ளிப்போய் விழுவான். எழுந்து சண்டைக்கு வருவதற்குள் வடம் ஓடி முடிந்திருக்கும். அதைப் பார்த்தபின் சண்டைக்கு வர மாட்டான். பல் போனவர்கள் உண்டு, தாடை விலகியவர்கள் உண்டு. கால் போனவன் என்று அவர் சாரங்காக இருந்த கப்பல்களில் ஒருவனும் இல்லை.

பிறகு பக்கத்து நாட்டோடு சண்டை வந்தது. சிமென்ட் ஏற்றிய கப்பலில் பீரங்கிக் குண்டுகளை ஏற்றினார்கள். துறைமுகத்துக்கு வெளியே எங்கிருந்தோ வந்த ஒன்று இயந்திர அறையில் விழுந்தது. கீழே இருந்தவர்கள் கத்தக்கூட நேரமில்லை. மேலே இருந்தவர்கள் எரிகிற தளத்தில் மரம் மாதிரி நின்றார்கள், படகு பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சாரங்கு ஒவ்வொருவனாக அறைந்து அறைந்து படகுக்குள் தள்ளினார். சமையல்காரனை அறைந்தார், இரண்டாம் அதிகாரியை அறைந்தார். கம்பியைப் பிடித்தபடி நின்ற ஒருவனை மூன்று தடவை அறைந்தும் அசையவில்லை. அவன் நின்றபடியே செத்துப்போயிருந்தான். படகு கொஞ்ச தூரம் தள்ளிப் போவதற்குள் கப்பல் வெடித்தது. கடலில் விழுந்தவற்றில் எது மரம், எது மனிதன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமைச்சர் பதக்கம் குத்தினார். குத்திவிட்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தக் கைதான் நாட்டுக்குத் தேவை" என்றார். பெரிய மனிதர் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

சண்டை முடிந்ததும் கம்பெனிக்கு நல்ல காலம். புத்தம்புதுக் கப்பல்கள் வந்தன. வடத்தைச் சுற்றிக்கொள்ள வின்ச் இயந்திரம், அதைப் பிடித்து நிறுத்த பிரேக், எல்லாம் பளபளவென்று. வடம் இயந்திரத்திலேயே சுருண்டுகொள்ளும், தளத்தில் வளையமே கிடையாது. அறைவதற்கு இருந்த காரணம் போய்விட்டது. கை மட்டும் போகவில்லை. டீ ஆறிப்போனதற்கு ஒரு பளார், தூரிகையைக் கழுவாததற்கு ஒரு பளார். ஊரெல்லாம் பதக்கம் பேசுகிறது, கேட்பதற்கு நாதியில்லை. அந்தக் கையைத் தூக்கிக்கொண்டே அவர் வீட்டுக்கும் வந்தார்.

வீடு கம்பெனிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. சமையலறையும் கூடமும் ஒன்று, படுக்க ஓர் அறை. ஒரு விடுமுறையில் மனைவி பாத்திரம் கழுவிய கையோடு வந்து, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட சுவிட்சைத் தொடப்போனாள். ஈரக்கை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடிக்கவில்லை. பளார். அவள் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"ஈரக்கையோட சுவிட்ச தொடுவாங்களா? உசுரு போயிருக்கும்!" என்றார், உயிரைக் காப்பாற்றிய தோரணையில்.

மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கரண்டே இல்லப்பா. காலையிலேர்ந்து இல்ல, அம்மா மறந்துட்டாங்க. நீங்க ஜன்னலோரமா உட்காந்து பேப்பர் படிக்கிறதே அதுக்குத்தான்" என்றாள்.

அந்தக் காது போனது போனதுதான். மனைவி அதைச் சொல்லி அழவில்லை, சண்டை போடவில்லை. அன்று முதல் அவர் பேச வாயெடுத்தால் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கேட்காத காதை அவருக்குக் காட்டினாள். படுக்கும்போதும் கேட்கிற காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரை இப்படி ஊரைவிட்டே அனுப்பியவள் அவள்.

மகள் விஷயத்தை அதோடு விடவில்லை. அப்பா கப்பலேறியதும் கம்பெனி பட்டறையிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து அந்த சுவிட்சைக் காட்டினாள். கரண்ட் இருந்திருந்தால் அம்மா செத்திருப்பாளா, அதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அவன் பலகையைக் கழற்றிப் பார்த்தான். "எர்த் நல்லா இருக்கு. சுர்ருன்னு ஒரு தட்டு தட்டியிருக்கும், அவ்ளோதான். காதெல்லாம் போயிருக்காது" என்றான். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். மகளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அப்பா அடுத்த முறை கரைக்கு வந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது.

வாசலில் வைத்தே கை ஓங்கினார். மகள் அசையவில்லை. நடுவே மாப்பிள்ளை வந்தான். "மாமா, அடிக்கணும்னா என்னை அடிங்க" என்றான். அடித்தார். உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"போதும்ப்பா. இனிமே யார் மேலயாவது அந்தக் கை விழுந்துச்சுன்னு காதுல கேட்டேன், எனக்கு அப்பா இல்ல. அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள்.

"கப்பல்ல எப்படிம்மா..."

"கப்பல்லயும்தான்."

"உனக்குத் தெரியாது. சுருட்டை..."

"சுருட்டை கதைய ஆயிரம் தடவ கேட்டாச்சு. கூப்பிட்டா திரும்புவான், அறைஞ்சாதான் நகருவான். பொறந்ததுலேர்ந்து கேக்கறேன். அம்மா எந்த வடத்துக்குள்ள நின்னாங்க? சொல்லுங்க. எந்த வடத்துக்குள்ள?"

அன்றைக்கே மனைவி மகளோடு போய்விட்டாள். போகும்போதும் அவர் பக்கம் கேட்காத காது.

தனியாக இருந்து பார்த்தார். சுவரோடு எத்தனை நாள் பேசுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக் கதவைத் தட்டி, "இனிமே இல்லம்மா" என்றார். அவள் நம்பவில்லை, ஆனாலும் கதவைத் திறந்தாள். அதன்பிறகு கரையில் இருக்கிற ஞாயிறெல்லாம் அங்கே போனார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, தேர்வு எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். மகள் தட்டில் ஒரே ஒரு கரண்டி சோறு போடுவாள். 'அப்பா' என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டாள்; 'இந்தாங்க', 'எடுத்துக்கோங்க', அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் விழுந்து விழுந்து 'மாமா, மாமா' என்பான். இவர் அவனை ஒருநாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. 'இந்தாப்பா', மிஞ்சிப்போனால் ஒரு கனைப்பு. வீம்பு என்று சொல்ல முடியாது. அடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

சத்தியத்தைக் கப்பலிலும் காப்பாற்றினார். கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டார். பளாருக்குப் பல் விழுந்துவிட்டது என்று பையன்கள் நக்கலடித்தார்கள். சிரித்துக்கொண்டார்.

இதற்குள் கம்பெனிக்கும் பல் விழ ஆரம்பித்திருந்தது. கப்பலேறினால் வாந்தியெடுக்கிற ஒருவர் தலைவரானார். அவர் எந்த அமைச்சருக்கு மைத்துனர் என்று எல்லோருக்கும் தெரியும். நம் தானியத்தை அயல்நாட்டுக் கப்பல்கள் சுமக்க, நம் கப்பல்கள் துறைமுகத்தில் வெயில் காய்ந்தன. ஒவ்வொன்றாக விற்றார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் வின்ச் பிரேக் தேய்ந்து, பிடித்தால் புகைதான் வந்தது. மாற்றித் தரச் சொல்லி சாரங்கு கேட்டார், கேப்டன் கேட்டார். எப்படியும் விற்கப்போகிற கப்பல்தானே என்று பதில் வந்தது. ஆகவே வடத்தை இயந்திரத்திலிருந்து கழற்றி, பழையபடி இரும்பு முளையில் கையால் சுற்றச் சொன்னார்கள். மிச்ச வடம் பழையபடி தளத்தில் வளையம் வளையமாகக் கிடந்தது. பாவிகள், ஒரு பிரேக்குக்குக் கணக்குப் பார்த்தார்கள்.

கடைசிக் கப்பலையும் கொடுக்காதே என்று தொழிலாளர்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். சாரங்கு முன்வரிசை, பக்கத்தில் மாப்பிள்ளை. மத்தியான வெயிலில் லாரிகளில் அடியாட்கள் வந்து இறங்கினார்கள். கையில் இரும்புக் குழாய்கள். போலீஸ் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தது. முதல் அடியில் ஒருவனுடைய மண்டை பிளந்தது. இரண்டாவது குழாய் சாரங்கின் வாயில் இறங்கியது, முன்பல் மூன்று மண்ணில் விழுந்தன. "அடிண்ணே! அடி!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அந்தக் கை ஒரு தடவை வீசியிருந்தால் எதிரே நின்றவன் எழுந்திருக்க மாட்டான். சாரங்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். விலாவில் வாங்கினார், முழங்காலில் வாங்கினார். கீழே விழுந்தபிறகும் கோத்த கையைப் பிரிக்கவில்லை. மெதுவாகப் பேசுகிற அந்த மாப்பிள்ளைதான் ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டு நடுவில் பாய்ந்து, ஒருவன் முழங்கையை நொறுக்கி, அவரை இழுத்து வெளியே போட்டான்.

போராட்டம் தோற்றது. ஆனால் மகள் வீட்டில் சாரங்கு ஜெயித்தார். வீங்கிய வாயோடு உட்கார்ந்திருந்தவரின் தட்டில் மகள் இரண்டாவது கரண்டியும் போட்டாள். "மெதுவா மெல்லுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள். அவர் தலை நிமிராமல் மென்றார். கண்ணில் நீர் கட்டியது, பல் வலி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. "நாளைக்குக் கப்பல ஒப்படைச்சிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு இங்கயே வந்துடுங்க. அம்மாவும் சரின்னுட்டாங்க" என்றாள். மனைவி அடுப்படியில் நின்றாள். கேட்காத காதுதான் இந்தப் பக்கம், ஆனாலும் மறுக்கவில்லை.

மறுநாள் கடைசிக் கப்பலை, அதை வாங்கியவரின் துறைமேடைக்கு மாற்றிக் கட்டவேண்டும். பாதி ஆட்கள் ஆஸ்பத்திரியில், பாதிப் பேர் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். கையாள் போதவில்லை என்று பட்டறையிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். மாப்பிள்ளையும் ஏறினான். சாரங்கு அவனைப் பார்த்ததும் வளையங்களைக் காலால் சுட்டிக்காட்டினார். "இதுக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்றார். "சரி மாமா" என்றான். எச்சரிப்பதெல்லாம் எச்சரித்தாகிவிட்டது, அவன் மனசில் வாங்கிக்கொண்டதாகத்தான் தெரிந்தது.

காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. கப்பலின் முன்பக்கம் கரையை நெருங்கியதும், வடத்தை மாட்டி, முளையில் சுற்றினார்கள். பழைய வடம், வெயிலில் காய்ந்து வழவழத்துக் கிடந்தது. கப்பல் விலக விலக முளையில் அது முனகியது. சாரங்கு விசிலை வாயில் வைத்தார். பல் போன ஈறும் வீங்கிய உதடும் விசிலைப் பிடிக்கவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து, வடத்தை இழுத்துவிட்டு நிறுத்தாமல் விட்டிருந்த வின்ச் மோட்டாரிலிருந்து புகை வந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் புகையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? மாப்பிள்ளை டெஸ்டரை உருவிக்கொண்டு வின்ச்சைப் பார்த்து ஓடினான். மோட்டார் மூடியைத் திறக்கக் குனிந்தவனின் வலது கால் வளையத்துக்குள் இருந்தது.

சாரங்கு இரண்டடி தள்ளி நின்றார்.

கை எழுந்தது. யாரையும் கேட்டுக்கொண்டு எழுகிற கை இல்லை அது. தோள் உயரம் வந்தது. அங்கே நின்றுவிட்டது. நேற்றுத் தட்டில் விழுந்த இரண்டாவது கரண்டியும், 'அப்பா' என்ற சொல்லும், இங்கயே வந்துடுங்க என்ற பேச்சும் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டன. ஒரு கணத்தில் பாதிகூட இராது. கை கீழே இறங்க, வாய் திறந்தது.

"மாப்பிள்ளே!" என்று கத்தினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் காத்திருந்த சொல். மூடியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். நின்றான். திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மாமா?"

வடம் ஓடியது. வளையம் எழுந்து கணுக்காலைக் கவ்வி அவனைத் தளத்தில் சாய்த்தது. சாரங்கு பாய்ந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரையும் சேர்த்தே இழுத்தது. துவாரத்தின் இரும்பு விளிம்பில் சாரங்கு காலை ஊன்றி, பல்லில்லாத வாயால் அலறிக்கொண்டு பிடித்தார். இழுப்பில் ஒரு பக்கம் வடம், மறுபக்கம் அவர். நடுவில் இருந்தது முழங்கால். சுருட்டை போன அன்று கேட்ட அதே சத்தம் வந்தது, பச்சைக் கட்டை ஒடிகிற சத்தம். வடம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனது. மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினார் சாரங்கு. ரத்தம் அவர் முகத்தில் அடித்தது. மாப்பிள்ளை கத்தவில்லை, ஆச்சரியமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனபிறகு கப்பலை வேறு ஆட்களை வைத்துக் கட்டினார்கள். கேப்டன் அறையில் கையெழுத்துகள் நடந்தன. சாயங்காலத்துக்குள் புகைபோக்கியில் கொடியின் நிறங்களை வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். அரசாங்கக் கப்பல் கம்பெனியின் கதை அத்துடன் முடிந்தது. தளத்தைக் கழுவ யாரை விட்டார்களோ தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சாரங்கு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, கால் போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மகள் உள்ளே இருந்தாள். பாதி திறந்த கதவு வழியாக மாப்பிள்ளையின் குழறல் கேட்டது, மயக்க மருந்து தெளியாத குரல்.

"உங்க அப்பா என்னை... மாப்பிள்ளேன்னு கூப்பிட்டாரு. கேட்டியா? நல்லா சத்தமா. மாப்பிள்ளேன்னாரு. நான் திரும்பி... என்ன மாமான்னேன்."

சுருட்டை கதையை ஆயிரம் தடவை கேட்டவள் அவள். அவளுக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தாள். அப்பா எழுந்து நின்றார்.

"எவ்ளோ தூரத்துல நின்னீங்க?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை அவள் தோளைத் தொட்டது.

அவள் அறைந்தாள். சாரங்குக்கு அந்தச் சத்தம் பழக்கம். இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. "ஏன் அடிக்கல?" என்றாள். மறுகையால் அறைந்தாள். "ஏன் அடிக்கல? அம்மாவ அடிச்சீங்க. என் கண்ணு முன்னாடி அவர அடிச்சீங்க. இன்னிக்கு ஏன் அடிக்கல?" தையல் போட்ட உதடு பிரிந்தது. அவள் நிறுத்தவில்லை, கன்னத்தில், காதில், நெஞ்சில், கை போன இடத்திலெல்லாம் அடித்தாள். நோயாளிகள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நீதானம்மா சொன்னே. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வாயில் ஊறிய ரத்தத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார். அதைச் சொன்னால் அவள் காலம் முழுக்கச் சுமப்பாள். அவளைவிட நன்றாக அது அவருக்குத் தெரியும்.

நர்ஸ் ஓடி வந்து பிடித்து இழுத்தபோது மகளுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி அதுவரை படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். மெதுவாக வந்து பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்கிற காது அவர் பக்கம் இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.